மாற்றி வைத்த அட்டை

மார்ச் 4

அன்புள்ள சகலைக்கு,

நேற்று மதியம் வண்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்ததில் லாரிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "சார், நீங்களும் கூட ஏறிக்கிட்டா நிம்மதியா இருக்கும்" என்றார்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதி உங்கள் கிரைண்டர் சத்தத்தில் போய்விடும். எழுதினால் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

லாரிக்காரரிடம் ஒரு பெரிய உறை கொடுத்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய எஞ்சின் அளவுகளை வைத்துக் காலண்டர் அட்டையில் நான் வெட்டிய அச்சு அதில் இருக்கிறது. விபத்தில் நொறுங்கிய வேனிலிருந்து நீங்கள் வாங்கி வைத்திருக்கும் எஞ்சின், நம்முடையதைவிட நான்கு விரல் நீளம். அப்படியே இறக்கினால் அதன் பின்பக்கம் ஃபயர்வால் தகட்டில் இடிக்கும். இடிக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, உள்பக்கமாகக் குழிந்த ஒரு பெட்டியை அங்கே பற்றவைக்க வேண்டும்.

உங்களுக்கே பாடம் எடுக்கிறேன் என்று சிரிக்காதீர்கள், பழக்கம் விடவில்லை. சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவில் சுவர் இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். அடுப்பில் எண்ணெய் பற்றினால் அடுத்தது மெத்தைதான். எஞ்சினுக்கும் நம் கால்களுக்கும் நடுவில் இருக்கிற ஒரே சுவர் அந்தத் தகடு. அதனால் எவ்வளவு குறைவாக வெட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக.

அட்டையின் ஒரு முகத்தில் "எஞ்சின் பக்கம்" என்று எழுதியிருக்கிறேன். அந்த முகம் எஞ்சினைப் பார்த்து இருக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஓட்டைதான் வெட்ட வேண்டிய அளவு. அதன் இடது பக்கம் காது போல நீண்டிருப்பது எஞ்சினின் பின்னால் துருத்துகிற பாகத்துக்காக. அட்டையின் வலது மேல்மூலையில் சிவப்புப் பேனாவில் ஒரு கட்டம். அங்கேதான் வண்டியின் சேசிஸ் நம்பர் தகட்டிலேயே பொறித்திருக்கிறது. அந்தப் பதினொரு எழுத்தும் போனால் இந்த வண்டி யாருடையது என்று சொல்ல நாதியில்லை. கட்டத்தின் பக்கம் கிரைண்டரைக் கொண்டுபோகவே வேண்டாம்.

நம் மாமனாரின் பெரியவளுக்கு முழங்கால் வலி குறையவில்லை. பஸ் படி ஏறவே பயப்படுகிறாள். தங்கையை, உங்கள் சின்னவளைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. வண்டி வந்ததும் முதல் பயணம் உங்கள் வீட்டுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். "தம்பிகிட்ட சொல்லுங்க, என் சீட்டுல மட்டும் கை வைக்க வேணாம், முதுகுக்குப் பழகிப்போச்சு" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சகலை

ஏப்ரல் 12

சகலை அவர்களுக்கு,

வேலை முடிந்தது. எஞ்சின் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நேற்று ஸ்டார்ட் செய்தபோது நம்ம பெயிண்டர், "அண்ணே, வண்டி ஓடுதா, ஃபேன் ஓடுதா?" என்று கேட்டார். அவ்வளவு அமைதி.

உங்கள் சுவருக்கும் குறை வைக்கவில்லை. பெட்டியைப் பற்றவைத்த பிறகு எஞ்சின் பக்கம் ஒரு பல்பை எரியவிட்டேன். கண்ணாடிகளை எல்லாம் போர்வையால் மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். ஊசிமுனை வெளிச்சம்கூட வரவில்லை. வெயிலில் போர்வைக்குள் அரை மணி நேரம். வெளியே வந்தபோது பெயிண்டர் எனக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியதாயிற்று.

சொன்னதைவிடப் பத்து நாள் தாமதம். தகட்டில் அங்கங்கே துரு இருந்தது, வேறொன்றுமில்லை. நம்பரைப் பற்றிப் போனில் கேட்டிருந்தீர்கள். நம்பர் இருக்கிறது. கவலை வேண்டாம். அட்டையைத் திருப்பி அனுப்ப முடியவில்லை, எண்ணெய் பட்டுக் கிழிந்துவிட்டது.

ஒரு விஷயம். எஞ்சின் மாற்றியதைப் பதிவு செய்ய வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும் அல்லவா? தனியாகப் போகாதீர்கள். நான் வந்து கூட வருகிறேன். அந்த ஆர்.டி.ஓ. ஆபீசில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார், சட்டென்று முடித்துக் கொடுப்பார்.

அக்காவின் சீட்டை வண்டி அலம்புகிறவரைக்கூடத் தொட விடவில்லை என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சகலை

மே 9

பட்டறை உரிமையாளர் அவர்களுக்கு,

என்ன சொல்லி அழைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு இது போதும்.

வண்டி வந்து மூன்று வாரம் உங்களுக்காகக் காத்திருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றீர்கள். பிறகு போனை எடுக்கவில்லை. பெரியவள் பையைக்கூடத் தயார் செய்துவிட்டாள். ஆகவே நேற்று நானே ஆபீசுக்குப் போனேன். சேசிஸ் நம்பரில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். வாசித்துவிட்டுத்தான் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வாளர் சின்ன வயதுப் பெண். நம்பரின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எழுத்துகள் தாளில் எழும்பி வந்தன. பிறகு பழைய கோப்பைத் திறந்தார். வண்டியை முதன்முதலில் பதிவு செய்தபோது அதேபோலத் தேய்த்து எடுத்த தாள் அதில் ஒட்டியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என் பக்கம் திருப்பினார்.

"சார், நீங்க வாத்தியாரா இருந்தீங்கன்னு சொன்னீங்க. நீங்களே திருத்துங்க" என்றார்.

பழைய தாளில் நான்கு என்ற இலக்கம் மேலே திறந்திருக்கிறது. புதிய தாளில் மூடியிருக்கிறது. பழையதில் எழுத்துகள் ஒரே கோட்டில் நிற்கின்றன. புதியதில் கடைசி மூன்றும் மேட்டில் ஏறுகிற மாதிரி ஏறுகின்றன. முப்பத்துநான்கு வருடம் பரீட்சைத் தாள் திருத்தியவன் நான். பார்த்து எழுதிய தாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று புதிதாக வந்த ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்த மேசையின் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதும்மா" என்றேன். பார்த்து எழுதிய பையன்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான்.

திருட்டு வண்டிக்குத்தான் இப்படி நம்பர் அடிப்பார்களாம். வண்டியை ஆபீசின் பின்னால் நிறுத்திச் சங்கிலி போட்டுவிட்டார்கள். ஜூன் 2-ஆம் தேதி விளக்கத்தோடு வர வேண்டும். இல்லையென்றால் காவல் நிலையத்துக்கு எழுதுவார்கள், என் பெயரில்.

நான் கேட்பது ஒன்றுதான். என்ன நடந்தது?

மே 15

சகலை அவர்களுக்கு,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். அதில் பழியெல்லாம் துருவின் மேல். வாசித்துப் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

எஞ்சின் பக்கம் முழுக்க கிரீஸ், சாக்பீஸ் பிடிக்கவில்லை. டாஷ்போர்டைக் கழற்றியிருந்ததால் சீட்டுப் பக்கமிருந்து வரைவது சுலபம் என்று உள்ளே போனேன். அட்டையைத் தகட்டில் வைத்து ஓட்டையின் ஓரம் பிடித்து வரைந்தேன். "எஞ்சின் பக்கம்" என்ற உங்கள் எழுத்து என் மூக்குக்கு நேராக இருந்தது. நான் உட்கார்ந்திருந்ததோ சீட்டுப் பக்கம். வரைந்து, வெட்டி, துண்டைத் தட்டி வெளியே தள்ளிய பிறகுதான் கீழே விழுந்ததைக் குனிந்து பார்த்தேன். மேலே வரிசையாகப் பதினொரு எழுத்து.

காது இடதுக்குப் பதிலாக வலதில் போய்விட்டது. இடதிலும் வெட்டினேன், வலதை அடைத்தேன். அடைத்த தகட்டில் நம்பரை நானே அடித்தேன். என் டப்பாவில் இருந்த நம்பர் அச்சுகளில் நான்கு, மூடிய நான்குதான்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். மாமனார் வீட்டுக்கு நான் கேட் செய்து கொடுத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். நீங்கள் மட்டும் டேப்பை எடுத்து அளந்து, "அரை இஞ்ச் சாய்வு" என்றீர்கள். நீங்கள் கேலியாகச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் "அரை இஞ்ச்". மச்சான்கள் மட்டுமில்லை, அவர்கள் பிள்ளைகளும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பத்தொன்பது வருஷம். இந்த முறை நான் வெட்டியது ஒரு சாண் தள்ளி. உங்களிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது ஆக வேண்டியதைப் பார்ப்போம். நீங்கள் வண்டி வாங்கியது பழைய உரிமையாளரிடமிருந்துதானே. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டியும் இல்லை. வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு இனி என்ன நஷ்டம்? நான் வந்து ஒப்புக்கொண்டால் பட்டறை உரிமம் போய்விடும். என்னை நம்பி இரண்டு குடும்பம் இருக்கிறது.

சகலை

மே 21

சகலை,

அரை இஞ்சைப் பற்றி முதலில். அது உண்மை. நான் அளந்தேன், சொன்னேன், எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அந்தப் பெயர் இன்னும் உங்களைக் குத்துகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவுமில்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன், இந்த வழக்கு எப்படி முடிந்தாலும்.

இனி மற்றது. வகுப்பில் இரண்டு விதமான பையன்கள் இருப்பார்கள். கணக்கைத் தப்பாகப் போட்டு, தப்பு என்று தெரிந்ததும் ஒரு கோடு இழுத்து அடித்துவிட்டுக் கீழே மறுபடி தொடங்குகிறவன் ஒருவன். அவனுக்கு நான் ஒருநாளும் மார்க் குறைத்ததில்லை. இன்னொருவன் தாள் கிழியும்வரை அழித்து, அதன் மேலேயே எழுதி, முதலிலிருந்தே சரியாகப் போட்ட மாதிரி நீட்டுவான். நீங்கள் வெட்டியது பெரிய விஷயமில்லை. அட்டையைத் திருப்பி வைப்பது நானும் செய்யக்கூடிய தப்பு. "நம்பர் இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்கு அடி விழுந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்.

செத்தவர் தலையில் கட்ட மாட்டேன். அவர் எனக்கு வண்டியைக் கொடுத்தபோது டிக்கியில் இருந்த கிழிசலைக்கூடக் காட்டிவிட்டுக் கொடுத்த மனிதர்.

ஆய்வாளரைப் போய்ப் பார்த்தேன். வெட்டியது யாரென்று நான் சொல்லவில்லை. "வெட்டின துண்டு இருந்தா, வெட்டினவரும் நேர்ல வந்து சொன்னா, பழைய தாளோட ஒத்துப் பார்த்து அதையே திரும்பப் பொருத்த வழி இருக்கு சார்" என்றார். வெட்டியவருக்குத் தண்டனை இருக்கும், அதையும் மறைக்கவில்லை.

துண்டு இருக்கிறதா? ஜூன் 2, காலை பத்து மணி. பஸ் நிலையத்துக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். இங்கே வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

மே 27

சகலை அவர்களுக்கு,

துண்டு பழைய இரும்போடு போய்விட்டது. ஜூன் 2 எனக்கு வர முடியாத நிலை. என்னை மன்னியுங்கள். சின்னவளிடமும் எதுவும் சொல்லவில்லை. அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜூன் 3

சகலைக்கு,

நேற்று பஸ் நிலையத்துக்குப் போனேன். வர மாட்டேன் என்று நீங்கள் எழுதிய பிறகும் போனேன். எட்டே முக்கால் வண்டி, ஒன்பது இருபது வண்டி இரண்டிலும் இறங்கியவர்களைப் பார்த்துவிட்டுத்தான் ஆபீசுக்கு நடந்தேன்.

ஆய்வாளர் உங்கள் பட்டறையின் பெயரைச் சொல்லி, "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"சகலை."

"சொந்தமா?" என்று ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கடிதத்தை நகர்த்தி வைத்தார். "தபால்ல வந்துச்சு. படிங்க சார்."

உங்கள் கையெழுத்தை நான் கவர் மேலேயே அடையாளம் கண்டுகொள்வேன். "வண்டி என் பட்டறைக்கு வரும்போதே நம்பர் உள்ள தகடு மாற்றப்பட்டிருந்தது. உரிமையாளர் சொன்னபடி எஞ்சினை மட்டும் பொருத்திக் கொடுத்தேன்." கீழே தேதி, மே 20. என்னிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஏழு நாள் முன்பே என்னை எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். செத்தவருக்குப் பதிலாக நான்.

என் சட்டைப் பையில் உங்கள் மே 15 கடிதம் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். நீட்டவில்லை. பெருந்தன்மை என்று எண்ணிவிடாதீர்கள், அப்படி ஒன்றும் மனதில் இல்லை. வீட்டு மனிதர் மனசு விட்டு எனக்கு எழுதியதை ஆபீஸ் மேசையில் போட எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை போலிருக்கிறது. "படிவத்தில் கையெழுத்து என்னுடையது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை" என்றேன். பத்து நாளில் காவல் நிலையத்துக்குப் போகும்.

வீட்டுக்கு வந்து பெரியவளிடம், ஆர்வக்கோளாறில் நம்பரை நானே அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அக்காவும் தங்கையும் இதில் பிரிந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்க ஆணி அடிச்சா காலண்டர் ஒரு வாரம் நிக்காது. நீங்க இரும்புல நம்பர் அடிச்சீங்களாக்கும்!" என்றாள். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

இன்று காலை துவைக்க எடுத்த சட்டைப் பையில் உங்கள் கடிதம் அவளுக்குக் கிடைத்திருக்கிறது. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். எட்டு மணி நேரம் அந்த முழங்காலோடு. நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வந்தா அவருக்குப் பரிஞ்சு பேசுவீங்க" என்கிறாள்.

அவளை உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுங்கள்.

ஜூன் 11

சகலை அவர்களுக்கு,

அக்கா வீட்டுக்கு வரவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார்கள். பெயிண்டர் நாற்காலி போட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தார்கள்.

"துண்டு எங்கே?"

"பழைய இரும்புல போயிடுச்சுக்கா."

"மரை தேஞ்ச போல்ட்டைக்கூட டப்பாவுல போட்டு வைக்கிற ஆளு நீங்க" என்றார்கள். காலை நீட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, நான் ஒரு வண்டிக்குக் கதவு மாட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கோணலாக ஒரு கதவை மாட்டியதில்லை. கடைசியில் போய் காஸ் சிலிண்டருக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்து வந்தேன். சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். எண்ணெய்கூடப் பூசியிருந்தேன், துருப் பிடிக்காமல் இருக்க. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் சின்னவளிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். மே 20 கடிதத்தையும். அவள் அக்காவுக்குப் படுக்கை போட்டாள். எனக்குப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு நானும் பஸ் ஏறினேன். திங்கள் காலை பஸ் நிலையத்திலிருந்து நேரே ஆபீஸ். ஆய்வாளர் துண்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பழைய தாளோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தார். பிறகு என் முதல் கடிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். "நான் இதுல எதை நம்பணும்? மே மாசத்தையா, ஜூன் மாசத்தையா?" என்றார். ஜூன் என்றேன். மூன்று பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உங்கள் பெயரை எடுத்துவிட்டார்கள், வழக்கு இனி என் மேல். பட்டறையை வரும் வெள்ளிக்கிழமை மூடுகிறார்கள். பெயிண்டர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். துண்டை அதிகாரிகள் முன்னிலையில் பொருத்தி வண்டியை உங்களிடம் கொடுப்பார்கள். வேறு பட்டறையில். அதுதான் முறை.

நான் ஊருக்கு வந்திருந்தேன் என்று அக்கா உங்களிடம் சொன்னார்களோ என்னவோ. அவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கேட் வரைக்கும் வந்தேன். உள்ளே நீங்கள் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேட்டுக்கு வெளியே நான் நின்றதில்லை, தள்ளிக்கொண்டு உள்ளே போய்த்தான் பழக்கம். அன்று நின்றேன். அக்கா கையை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டார்கள். வழக்கம்போல 'தம்பி' என்று ஏதாவது சொல்வார்கள் என்று இன்னும் கொஞ்சம் நின்றேன்.

"இவ்வளவு தூரம் வந்து உதவி பண்ணீங்க. ரொம்ப நன்றி, சார்" என்றார்கள்.